அடியில என்ன மண்ணு?

‘கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்’ என்று சொன்ன பெரியவர் நெதர்லாந்து பக்கம் வந்தவர் இல்லை. வந்திருந்தால் ‘கட்டி’ என்பதை அடித்துவிட்டு ‘வாங்கி’ என்று திருத்தியிருப்பார். மனை வாங்கி, கொத்தனாரைப் பிடித்து, கலவைக்குப் பக்கத்தில் குடையோடு நிற்கிற சுகமெல்லாம் இங்கே ரொம்பப் பேருக்குக் கிடையாது. ஏற்கெனவே யாரோ கட்டி, யாரோ குடியிருந்து, படியெல்லாம் தேய்ந்துபோன வீட்டைத்தான் வாங்கியாக வேண்டும். அதுவும் கிடைத்தால்.

நான் தி ஹேக் நகரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். ஆறு வருஷம் வாடகை வீடு. ஒரு மனைவி, ஆறு வயசில் ஒரு பையன். 2024-ல் ஒரு ராத்திரி சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: “என்னங்க, இதுவரைக்கும் கட்டின வாடகையை எல்லாம் கூட்டிப் பார்த்தேன்.”

கணவன்மார்கள் காதில் விழக்கூடாத வாக்கியங்களில் இதுவும் ஒன்று. மறுநாளே வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.

வீட்டுப் புரோக்கருக்கு இங்கே ‘மாக்கலார்’ என்று பெயர். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற சாமர்த்தியம் செல்லாது. விற்பவருக்கு ஒரு மாக்கலார், வாங்குபவர் விரும்பினால் அவருக்குத் தனியாக இன்னொரு மாக்கலார். கிட்டத்தட்ட டைவர்ஸ் கேஸ் வக்கீல்கள் மாதிரி. நாங்களும் ஒருத்தரை அமர்த்திக்கொண்டோம். அதிகம் சிரிக்காத மனுஷர். அதுவே ஒரு நம்பிக்கை.

விற்பனைக்கு வருகிற வீடுகள் பெரும்பாலும் ஃபுண்டா என்கிற இணையதளத்தில் வந்துவிடும். வீடு வாங்குகிற உத்தேசமே இல்லாதவர்கள்கூட ராத்திரி படுக்கப்போகும் முன் அதைப் புரட்டுகிறார்கள், நாம் நகைக்கடை கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி. 2024-ல் இந்த நாட்டில் கைமாறிய பழைய வீடுகளின் சராசரி விலை சுமார் நாலரை லட்சம் யூரோ. கணக்கு வசதிக்கு நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். மயக்கம் வந்தால் ஒரு சோடா குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஏலம் என்றால் நமக்குத் தெரியும். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். பக்கத்து ஆள் எவ்வளவு கேட்டான் என்று காதாலேயே கேட்டு, அவன் முகத்தைப் பார்த்து, நாம் ஏற்றலாம். இங்கே ஏலம் மௌன விரதம். வீட்டைப் பார்க்க இருபது நிமிஷம் தருவார்கள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் உன் தொகையைச் சொல் என்பார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கிற விலை பிள்ளையார் சுழி மட்டும்தான். எத்தனை பேர் கேட்கிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள், மூச்சு விடமாட்டார்கள். அதிகம் கொடுத்தவருக்குத்தான் தரணும் என்று விற்பவருக்குக் கட்டாயமும் இல்லை. பெரிய சங்கங்களில் இருக்கிற மாக்கலார்கள் 2023 முதல் வந்த தொகைகளை எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். வீடு விற்ற பிறகு, பெயர் இல்லாமல், அதைக் காட்டுவார்கள். அதாவது ரிசல்ட் வந்த பிறகு கொஸ்டின் பேப்பர்.

இன்னொரு பூட்டு பாங்கில். வீட்டின் மதிப்பு எவ்வளவு என்று மதிப்பீட்டாளர் எழுதித் தருவார். அதிகபட்சம் அந்த மதிப்புக்கு நூறு சதவீதம் கடன் கிடைக்கும். ஆசைப்பட்டு மதிப்புக்கு மேலே முப்பதாயிரம் ஏற்றிக் கேட்டால், அந்த முப்பதாயிரம் உங்கள் சட்டைப் பையிலிருந்து வரவேண்டும். பத்திரச் செலவு, வரி எல்லாம் தனி.

இதைப் படிக்கிற கல்யாணமாகாத தம்பிகளுக்கு ஒரு தகவல். இங்கே குடியிருக்க வாங்குகிற வீட்டுக்கு கைமாற்று வரி 2 சதவீதம். 35 வயதுக்குக் குறைந்தவர் என்றால் ஒரே ஒரு முறை அந்த வரி கிடையாது. ஆனால் விலைக்கு வரம்பு உண்டு. 2025-ல் அது 5,25,000 யூரோ. ஒரு யூரோ கூடினாலும் சலுகை மொத்தமும் போச்சு, 10,500 யூரோ கட்டணும். எனக்கு 35 தாண்டிவிட்டது. என் மனைவிக்குத் தாண்டவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக என் வயதை அவள் அடிக்கடி குறிப்பிட்டாள்.

*

நாலு வீடு பார்த்து, இரண்டுக்குத் தொகை எழுதி, இரண்டிலும் தோற்ற பிறகு ஐந்தாவதாக ஒரு வீடு கண்ணில் பட்டது. ஊர், சீஸுக்குப் பேர்போன கௌடா. எழுதுவதுதான் கௌடா. சொல்லும்போது ‘ஹௌடா’ என்று தொண்டையில் முள் சிக்கின மாதிரி சொல்லவேண்டும். தி ஹேக்கிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம்.

1920-களில் கட்டின வீடு. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே கலர் கண்ணாடி பதித்த இழுப்புக் கதவு. சாயங்கால வெயில் அதில் பட்டுத் தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாய்க் கிடந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பேசாமல் கதவைத் தடவினாள். பட்டுப்புடவையை இப்படித் தடவினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அப்போது பையன் பாக்கெட்டிலிருந்து ஒரு கோலிக்குண்டு விழுந்தது. ஜன்னலோரம் விழுந்த குண்டு, யாரும் தொடாமல், மெதுவாகப் புறப்பட்டு, கூடத்தைக் கடந்து, வேகம் பிடித்து, சமையலறைக்குள் போய் அடுப்புக்கு அடியில் மறைந்தது.

“அப்பா, இந்த வீடே வெளையாடுதுப்பா!”

விற்பவரின் மாக்கலார் புன்னகை மாறாமல், “இந்த வீட்டுக்கு ஒரு தனி கேரக்டர் உண்டு” என்றார். மனுஷனுக்கு கேரக்டர் இருக்கலாம். தரைக்கு இருக்கலாமா?

அன்று ராத்திரி கும்பகோணத்துக்கு போன் போட்டேன். அப்பா பொதுப்பணித்துறையில் இருந்து ரிடையர் ஆனவர். வாஸ்து கேட்பார், வாசல் எந்தப் பக்கம் என்பார் என்று வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும்பா. அடியில என்ன மண்ணு?”

“தெரியலைப்பா. தொண்ணூறு நூறு வருஷமா நிக்குது.”

“நிக்கறதுங்கறது வேற, சாயாம நிக்கறதுங்கறது வேற. நம்ம வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டறப்ப ஒரு மாசம் நானே குழிக்குள்ள நின்னேன். காவிரிக்கரை களிமண்ணு. மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். நீ இருக்கறதும் டெல்டாதானே? மண்ணைக் கேளு மொதல்ல.”

காவிரிக்கு ஒரு டெல்டா மாதிரி ரைன் நதிக்கும் மாஸ் நதிக்கும் டெல்டாதான் இந்த நாட்டின் மேற்குப் பாதி. ஆறு கொண்டுவந்து கொட்டின களிமண், மக்கிப்போன செடி கொடிகளால் ஆன ஈரமண், கடலோரத்தில் மட்டும் மணல்மேடு. ஈரமண் பஞ்சு மாதிரி. அதன்மேல் செங்கல் வைத்தால் உள்ளே போகும். அதனால்தான் அந்தக் காலத்து டச்சுக்காரன் நீளமான மரத்தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்கி, கீழே கெட்டியான மணலைத் தொட்ட பிறகு, அதன்மேல் சுவர் எழுப்பினான். ஆம்ஸ்டர்டாமில் இன்றைக்கு அரண்மனையாக இருக்கிற பழைய நகர மண்டபம் 17-ம் நூற்றாண்டில் கட்டினது. அது நிற்பது 13,659 மரத்தூண்கள் மேல்.

மரம் மண்ணுக்குள் மக்கிப்போகாதா? தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிற வரைக்கும் போகாது. அங்கே காற்று இல்லை. காற்று இல்லாமல் பூஞ்சைக்கு வாழ்க்கை இல்லை. நிலத்தடி நீர் இறங்கி, தூணின் தலை வெளியே வந்ததோ, வந்தது வினை. நம் ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பயம். இங்கே வீட்டுக்கு அடியில் தண்ணீர் குறைந்தால் பயம். பைன் மரத்தூண் என்றால் தண்ணீருக்குள் இருக்கும்போதே பாக்டீரியா தின்னும், அது வேறு. கோடைகள் வறண்டுகொண்டே போகின்றன. அஸ்திவாரம் கெட்டிருக்கிற, அல்லது 2035-க்குள் கெடப்போகிற கட்டடங்கள் சுமார் 4,25,000 என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிற குழு ஒன்று 2024-ல் கணக்குக் கொடுத்தது.

புது அஸ்திவாரம் போடலாம். செலவு சில வீடுகளுக்கு லட்சம் யூரோவைத் தொடும். பொதுவாக இன்ஷூரன்ஸ் தராது. பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்று என்பதால் வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து செய்தால்தான் உருப்படியாக இருக்கும். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மோட்டார் ரிப்பேர் பண்ணின அனுபவம் உங்களுக்கு இருந்தால் மேலே நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மாக்கலார் அஸ்திவார ரிப்போர்ட் கேட்டார். இல்லை என்றார்கள். மரத்தூண் மேல் நிற்கிறதா, தூணே இல்லாமல் நிற்கிறதா என்றால், விற்பவருக்கே தெரியவில்லை. ஆள் வைத்துச் சோதித்துப் பார்த்து வாங்குகிறோம் என்று நிபந்தனை போடலாமா? “போடலாம். நிபந்தனை இல்லாமல் வாங்க வரிசையில் ஆள் நிற்கிறது” என்று பதில் வந்தது.

இந்த நாட்டுச் சட்டம் இரண்டு பேரையும் பிடித்து வைத்திருக்கிறது. விற்பவர் தனக்குத் தெரிந்த குறையை மறைக்காமல் சொல்லணும். வாங்குபவர் தன் பங்குக்கு விசாரிச்சுப் பார்க்கணும். தெரியாது என்று ஒருவர் சொல்ல, நான் விசாரிக்கவில்லை என்று இன்னொருவர் கையெழுத்துப் போட்டால், நடுவில் இருக்கிற பள்ளத்தில் முப்பது வருஷக் கடனோடு விழுவது வாங்கினவர்தான்.

தொகை எழுத வேண்டாம் என்று முடிவு பண்ணினோம். அன்று ராத்திரி மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. “அந்தக் கலர் கண்ணாடியை நெனச்சேன்” என்றாள். மண்ணைப் பற்றிப் பேசி ஆறுதல் சொல்ல முடியாத சமயம். பேசாமல் பாத்திரம் தேய்த்தேன்.

*

தி ஹேக்கில் ஒரு பழைய பேச்சு உண்டு. பணக்காரன் மணல்மேல் இருக்கிறான், ஏழை ஈரமண்மேல் இருக்கிறான் என்று. கடலை ஒட்டி மணல்மேடு, உள்ளே தள்ளினால் ஈரமண். இரண்டுக்கும் எல்லைக்கோடு என்று ஊர்க்காரர்கள் சொல்வது லான் ஃபான் மேர்டர்ஃபோர்ட் என்கிற நெடுஞ்சாலையை. அதற்குக் கடல் பக்கம் மரங்களின் பெயரில் ஒரு பேட்டை, பூக்களின் பெயரில் ஒரு பேட்டை, பறவைகளின் பெயரில் ஒரு பேட்டை. பூக்கள் பேட்டையில் ஒரு கடைத்தெருவுக்கு, நம் சரக்கொன்றை மாதிரி மஞ்சளாய்த் தொங்குகிற ஒரு மரத்தின் பெயர். அப்படியே தமிழில் சொன்னால் பொன்மழைத் தெரு.

அந்தப் பேட்டையில், கடைத்தெருவிலிருந்து தள்ளி, சைக்கிள் மணி தவிர வேறு சத்தம் இல்லாத ஒரு சந்தில் ஆறாவது வீடு. 1930-ஐ ஒட்டிக் கட்டினது. முன்பக்கம் பிதுங்கின ஜன்னல். பின்னால் கைக்குட்டை அளவு தோட்டம். கலர் கண்ணாடி இல்லை. மாடிப்படி ஏணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. சோபா, கட்டில் எல்லாம் தெருவில் லிப்ட் வண்டி நிறுத்தி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றணும். கழிப்பறைச் சுவரில் காலண்டர். நாள் பார்க்க இல்லை. சொந்தபந்தங்களின் பிறந்தநாள் எழுதி வைக்க. உட்கார்ந்த இடத்தில் ஞாபகம் வரவேண்டுமாம்.

வீடு காட்டும்போது விற்பவர் வெளியே போய்விடுவதுதான் வழக்கம். இந்த வீட்டுப் பாட்டியம்மா போக மறுத்துவிட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பையன் போனான், அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான், கோலிக்குண்டை எடுத்து வைத்தான். குண்டு அசையவில்லை.

“அப்பா, இது வெளையாடாத வீடு.”

பாட்டியம்மா என்ன சொன்னான் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். அந்த அம்மா சிரித்ததில் பல்செட் தெரிந்தது.

எங்கள் மாக்கலார் ஒரு காரியம் செய்தார். எதிர்த்தரப்பு மாக்கலாருக்கு போன் போட்டு, எவ்வளவு வேண்டும் என்று கேட்காமல், அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். முதியோர் குடியிருப்பில் அவருக்கு ஒதுக்கின வீடு 2025 ஏப்ரலில்தான் தயாராகும், நடுவில் இரண்டு தடவை குடிமாற உடம்பில் தெம்பில்லை என்று பதில் வந்தது. எங்கள் கடிதத்தில் தொகைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: சாவி தருகிற தேதியை நீங்களே முடிவு செய்யுங்கள். கடன் கிடைக்காவிட்டால் விலகிக்கொள்வோம், கட்டடத்தைச் சோதித்த பிறகே உறுதி என்கிற இரண்டு நிபந்தனைகளையும் எடுக்கவில்லை. கௌடா பாடம்.

வீடு எங்களுக்கு வந்தது. பிற்பாடு பதிவேட்டைப் பார்த்தால் எங்கள் தொகை இரண்டாவது இடம்.

*

அதற்குப் பிறகு காகிதங்கள். விற்பவர் பூர்த்தி செய்த கேள்வித்தாள் பக்கம் பக்கமாக வந்தது. கூரை ஒழுகுமா? பக்கத்து வீட்டோடு வழக்கு உண்டா? இந்த வீட்டில் எப்போதாவது கஞ்சாச் செடி வளர்த்தது உண்டா? கடைசிக் கேள்விக்குப் பாட்டியம்மா ‘இல்லை’ என்று எழுதி, மூன்று தடவை அடிக்கோடு போட்டிருந்தார். இன்னொரு பட்டியலில் எது தங்கும், எது போகும் என்று கணக்கு. தபால் பெட்டி, திரைச்சீலைக் கம்பி, டாய்லெட் பேப்பர் மாட்டுகிற கம்பி உள்பட. நம் ஊரில் இதைப் பத்திரத்தில் எழுதினால் சம்பந்தம் முறிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் ஒரு வயோதிக ஷரத்து. ‘இது பழைய வீடு, புது வீட்டின் தரத்தை எதிர்பார்க்க மாட்டேன்’ என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். மூட்டு வலி இருந்தால் கேட்காதே என்று அர்த்தம். அதனால்தான் சோதனை முக்கியம். சோதிக்க வந்தவர் வாசல் மிதியடியைத் தூக்கி, அடியில் இருந்த பலகையைத் திறந்து, டார்ச்சோடு வயிற்றால் ஊர்ந்து தரைக்குக் கீழே போனார். நாங்கள் மூன்று பேரும் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றோம். அரை மணி கழித்துத் தூசியோடு வெளியே வந்து சொன்னார்:

“மணல். காய்ந்த மணல். அஸ்திவாரம் நன்றாக இருக்கிறது.”

நல்ல செய்தி அத்தோடு முடிந்தது. குடிதண்ணீர்க் குழாயில் ஒரு பகுதி ஈயம். 1960-க்கு முன்னால் கட்டின வீடுகளில் இது இருக்கக்கூடும், குழந்தைகளின் மூளைக்கு ஆகாது, முதல் வேலையாக மாற்றணும். பின்கூரை ஆஸ்பெஸ்டாஸா என்று பார்த்தார், இல்லை. 1993-ல் தடை வரும்வரைக்கும் அதை எங்கு பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். மின்சாரம், எரிவாயுச் சிக்கனத்துக்கு வீட்டுக்கு மார்க் உண்டு. ஏ என்றால் உத்தமம், ஜி என்றால் பெயில். எங்களுக்கு ஈ. ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவு போட்டுக் கொடுத்தார். தெரிந்த குறைக்கு விலை உண்டு. தெரியாததற்குத்தான் விலை கிடையாது.

அப்பாவுக்கு மணல் போட்டோ அனுப்பினேன்.

“போட்டோ கெடக்கட்டும். கையில அள்ளிப் பாத்தியா?”

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு, வாங்குபவருக்கு மூன்று நாள் அவகாசம். மனசு மாறினால் காரணம் சொல்லாமல் விலகலாம். 2003-ல் வந்த சட்டம். “கல்யாணத்துக்கு இந்த வசதி இல்லையேன்னு யோசிக்கிறீங்களா?” என்றாள் மனைவி. யோசிக்கவில்லை என்று உடனே சொன்னேன். சில கேள்விகளுக்கு மூன்று விநாடிகூட அவகாசம் கிடையாது.

கடைசியில் நோட்டரி ஆபீஸ். இங்கே நோட்டரி இல்லாமல் வீடு கைமாறாது. பணமும் அவர் கணக்கு வழியாகத்தான் போகும். பத்திரம் டச்சு மொழி. வாங்குபவருக்குப் புரியணும் என்பது சட்டம், அதனால் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர். நோட்டரி டச்சில் படிக்க, அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் மனைவிக்குத் தமிழில் முணுமுணுக்க, முப்பது வருஷக் கடனை மூன்று மொழியில் கேட்டோம். எந்த மொழியிலும் தொகை குறையவில்லை.

விலை எவ்வளவு என்று கேட்கத் துடிக்கிற மாமாக்களுக்கு ஒரு வார்த்தை. கேட்காதீர்கள். இங்கே நிலப்பதிவு ஆபீஸில் சில யூரோ கட்டினால், எந்த வீடு என்ன விலைக்குப் போனது, எவ்வளவு அடமானம் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 

2025 ஏப்ரலில் சாவி வந்தது. காலி வீடு. சமையலறை மேடையில் ஒரு கவர். உள்ளே பாட்டியம்மாவின் கோணல் கையெழுத்தில் ஒரு பக்கம். தண்ணீர் வால்வு எங்கே, எந்த ஜன்னலை மழையில் தூக்கிச் சாத்தணும், வலது பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது மந்தம், சத்தமாகப் பேசு. கடைசி வரியை டிக்‌ஷனரி வைத்துப் படித்தேன்: ‘தோட்டத்தில் எது வைத்தாலும் நிறைய உரம் போடுங்கள். அடியில் எல்லாம் மணல்.’

அப்பாவுக்கு போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“கேக்காமலே சொல்லியிருக்கு பாரு அந்த அம்மா” என்றார். “அவங்களுக்குப் போன எடத்துல மண்ணு எப்படின்னு விசாரிச்சியா?”